சோனிக் ஜெனிசிஸ் கேசட்: செங்கோட்டை முதல் புனலூர் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போனோடு பழைய கேம் மிஷின்களும் ரிப்பேருக்கு வரும். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூரில் இருந்து வருகிறவர்கள்தான் அதிகம். கல்ஃபில் இருந்த மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்தது, அலமாரியில் கிடந்தது, இப்போது பிள்ளைகள் தோண்டி எடுத்திருப்பார்கள். மற்ற கேசட்களைப் பற்றிப் பெரிதாக யாரும் கேட்பதில்லை. ஒரே ஒரு கேசட் மட்டும் வந்தால் போதும், அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். பதிலை எழுதி வைத்துவிட்டால் கடையில் வாய் வலிக்காது.

இது எந்த கேம்? பெயரில் ஏன் ஜெனிசிஸ்?

சோனிக் த ஹெட்ஜ்ஹாக். சேகா நிறுவனம் 1991 ஜூனில், டிவியில் மாட்டி ஆடும் தன் மெகா டிரைவ் மிஷினுக்காக வெளியிட்டது. நீல நிற முள்ளெலி ஓடும், உருளும், வளையம் பொறுக்கும், டாக்டர் ரோபாட்னிக்கை அடிக்கும். மெகா டிரைவுக்கு வட அமெரிக்காவில் ஜெனிசிஸ் என்று பெயர்.

சோனிக்குக்கு 15 வயது ஆனதைக் கொண்டாட, அந்த முதல் விளையாட்டையே நின்டெண்டோவின் கையடக்க மிஷினான கேம் பாய் அட்வான்ஸுக்கு மாற்றி 2006 நவம்பரில் அமெரிக்காவில் மட்டும் விட்டார்கள். அதுதான் உங்கள் கையில் இருக்கும், பெயர் கெட்ட கேசட். அதே மாதம் எக்ஸ்பாக்ஸ் 360இல் வந்த புதிய சோனிக்கும் பெயரைக் கெடுத்துக்கொண்டது. பிறந்தநாளுக்கு ரெட்டை அடி.

அமெரிக்காவில் மட்டும் வந்ததென்றால் நம்ம ஊருக்கு எப்படி வந்தது?

கேம் பாய் அட்வான்ஸுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. எந்த நாட்டு கேசட்டும் எந்த நாட்டு மிஷினிலும் ஓடும். பெட்டியில் போட்டுக் கொண்டுவர ஆள் இருந்தால் போதும். நம்ம பக்கத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை.

மெகா டிரைவ் அந்தக் காலத்தில் இங்கே யாரிடம் இருந்தது? நாங்கள் பார்த்ததே இல்லையே.

பார்த்திருக்க மாட்டீர்கள். 1995இல் ஷா வாலஸ் நிறுவனம் சேகாவோடு ஒப்பந்தம் போட்டு இந்தியாவில் விற்றது. விலை 18,000 ரூபாய். அந்தக் காசுக்கு அப்போது வீட்டில் டிவியே வாங்கிவிடலாம். செங்கோட்டையில் நாங்கள் ஆடியதெல்லாம் டிவி கேம் என்று சொல்லும் மிஷின், மஞ்சள் கேசட், அதில் ஒரே கேம் பத்துப் பெயரில் இருக்கும்.

புனலூர் பக்கம் கதை வேறு. கல்ஃப் வீடுகளில் மெகா டிரைவ் இருந்தது. என் பெரியம்மா வீடு அங்கேதான். பள்ளிக்கூட லீவு விட்டதும் மீட்டர் கேஜ் ரயிலேறி அங்கே போவதே அதற்காகத்தான். பெரியம்மா புட்டும் கடலையும் வைத்துவிட்டு, "சாப்பிட்டுட்டு ஆடுடா" என்று கத்திக்கொண்டே இருப்பார். அப்படி ஆடியவர்கள்தான் பிற்பாடு இந்தக் கேசட்டை ஆசையாக வாங்கி ஏமாந்தவர்கள். மெகா டிரைவைத் தொடாதவர்களுக்கு இதில் என்ன குறை என்று சட்டெனப் பிடிபடாது. ஏதோ மந்தமான கேம் என்று நினைத்து வைத்துவிடுவார்கள்.

அண்ணே, சோனிக் திக்கித் திக்கி ஓடுது. மிஷின் போயிருச்சா?

போகவில்லை. வேறு ஒரு கேசட்டைப் போட்டுப் பாருங்கள். அது வழுக்கிக்கொண்டு ஓடினால் மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது. கேசட் கோளாறென்றால் படமே வராது, அல்லது லோகோவிலேயே நின்றுவிடும். ஸ்லோவாக ஓடுவது அழுக்கால் வருவதில்லை. இந்த கேமே அப்படி.

அழுக்கென்று சந்தேகம் இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துப் பித்தளை நிறப் பல்லைத் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் பட்டுப் பட்டுப் பாசி பிடித்த கேசட்கள் என் மேசையில் நிறையக் கிடக்கின்றன.

அப்படி என்னதான் கெடுத்துவிட்டார்கள்?

முதல் கட்டமான கிரீன் ஹில்லையே எடுத்துக்கொள்வோம். மெகா டிரைவில் வலது பட்டனை அழுத்தியதும் சோனிக் மெல்லக் கிளம்பி, கால் தெரியாத வேகத்துக்குப் போவான். பாலத்தில் மீன் எகிறும். சரிவு வந்ததும் கீழ் பட்டனை அழுத்தினால் பந்தாகச் சுருண்டு இன்னும் வேகம் எடுப்பான். அந்த வேகத்திலேயே வட்டப் பாதையில் ஏறித் தலைகீழாகச் சுற்றி இறங்குவான். விளையாட்டின் உயிரே இந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது. கஷ்டமான எதையும் நீங்கள் செய்யவில்லை, ஆனாலும் கை வந்த மாதிரி ஒரு திமிர் வரும்.

கேம் பாய் கேசட்டில் அதே பாலம், அதே மீன், அதே வட்டம், எல்லாம் இருக்கிறது. ஆனால் திரையில் நாலு பொருள் சேர்ந்தால் படம் திணறும். சோனிக் குதித்தால் எப்போது தரையிறங்குவான் என்று விரலுக்குத் தெரியாது. விரல் ஒரு கணக்குப் போட்டிருக்கும், அவன் வேறொரு கணக்கில் இறங்குவான். சரிவில் உருண்டால் கிடைக்க வேண்டிய உந்துதல் சரியாகக் கிடைக்காது.

சோனிக் விளையாட்டில் வேகம் என்பது அலங்காரம் இல்லை. தரை எவ்வளவு சாய்ந்திருக்கிறது, உருள்கிறானா ஓடுகிறானா, எந்த வேகத்தில் குதித்தான் என்பதை வைத்துத்தான் ஒவ்வொரு கட்டத்தின் பாதையும் அமைக்கப்பட்டிருக்கிறது. யசுஹாரா என்பவர் பாதைகளை வரைந்தார், நாகா என்பவர் அதற்கு ஏற்றபடி நிரல் எழுதினார். பாதையை அப்படியே கொண்டுவந்துவிட்டு இயக்கத்தை மாற்றினால் இரண்டும் ஒட்டாது. இந்தக் கேசட்டில் நடந்தது அதுதான். எதிராளியோ பள்ளமோ கூடுதலாக எதுவும் இல்லை. இருந்தும் தேவையில்லாமல் சாகிறோம்.

திரை சின்னது, அதனால் வரும் கஷ்டம்தானே?

பாதி உண்மை. மெகா டிரைவ் படம் அகலத்தில் 320 புள்ளி, உயரத்தில் 224. கேம் பாய் அட்வான்ஸில் 240க்கு 160. பெருக்கிப் பார்த்தால் பழைய படத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் தெரியும். சோனிக்கையும் மரத்தையும் சுருக்காமல் அதே அளவில் வைத்து, ஓரங்களை வெட்டிவிட்டார்கள்.

சோனிக் முழு வேகத்தில் ஓடினால் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் மாறும் ஒவ்வொரு படத்துக்கும், 6 புள்ளி நகர்வான். நொடிக்கு 60 ஃபிரேம், ஆக 360 புள்ளி. அவன் திரை நடுவில் இருந்தால் மெகா டிரைவில் எதிரே 160 புள்ளி தெரியும். ஒரு தடையைப் பார்த்ததில் இருந்து அதில் மோதும் வரை அரை நொடிக்குச் சற்றுக் குறைவு. கேம் பாயில் 120 புள்ளிதான், ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. கண் பார்த்து விரல் அசையவே கால் நொடி போய்விடும். ஆரியங்காவு வளைவில் மஞ்சு இறங்கியிருக்கும்போது வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

உயரம் வெட்டுப்பட்டதும் சிக்கல்தான். மார்பிள் கட்டத்தில் கீழே குதிக்க வேண்டிய இடங்களில் அடியில் தீக்குழம்பா தரையா என்று தெரியாது. நின்று, கீழ் பட்டனை அழுத்திப் பிடித்து எட்டிப் பார்த்துவிட்டுக் குதிக்க வேண்டும். ஓடும் கேமில் நின்று நின்று எட்டிப் பார்ப்பது என்ன சுகம் சொல்லுங்கள்.

இவ்வளவு தெரிந்தும் "பாதி உண்மை" என்று சொல்வதற்குக் காரணம், திரை சின்னது என்பது முன்பே தெரிந்த விஷயம். அதே திரையில் அதே சோனிக்கை வைத்து வேறு மூன்று கேம் வந்தது. சோனிக் அட்வான்ஸ் 2001 டிசம்பரில் ஜப்பானில் வந்தது, அடுத்து இரண்டும் மூன்றும். டிம்ப்ஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து செய்தார்கள். மூன்றும் அந்தக் குட்டித் திரையிலேயே பறக்கும்.

மிஷினுக்கு அவ்வளவு சக்தி கிடையாது என்கிறார்களே?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

மெகா டிரைவின் மூளை மோட்டரோலா 68000, நொடிக்குச் சுமார் 76 லட்சம் துடிப்பு. கேம் பாய் அட்வான்ஸில் இருப்பது 32 பிட் ஆர்ம் சில்லு, சுமார் 1 கோடியே 68 லட்சம் துடிப்பு. மெகா டிரைவின் வேலை நினைவகம் 64 கிலோபைட். கேம் பாயில் வேகமானது 32, சற்று மெதுவானது 256. மெகா டிரைவ் நகரும் பின்னணியை இரண்டு அடுக்காக வரையும், இது நான்கு அடுக்கு. கேசட்டில் இடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. முதல் சோனிக் மொத்தமே 512 கிலோபைட்.

வெறும் துடிப்பை வைத்து இரண்டு மிஷினை ஒப்பிடுவது சரியில்லை, அது எனக்கும் தெரியும். மெகா டிரைவில் பாட்டுக்கென்று தனியாக ஒரு மூளை இருக்கிறது. கேம் பாயில் பாட்டைக் கலக்கும் வேலையும் பெரும்பாலும் அந்த ஒரே சில்லின் தலையில்தான். கேசட்டில் இருந்து தரவை எடுப்பதற்கும் நேரம் பிடிக்கும், அதனால் எதை எந்த நினைவகத்தில் வைப்பது என்று யோசித்து எழுத வேண்டும். யோசித்து எழுதியவர்களுக்கு மிஷின் கைகொடுத்தது.

ஸ்டெல்த் என்ற பெயரில் அறியப்படும் சைமன் தாம்லி என்ற நிரலாளர், இந்தக் கேசட்டைப் பார்த்த பிறகு, முதல் சோனிக்கை அதே கேம் பாய் அட்வான்ஸில் அசல் வேகத்தில் ஓடும்படி ஒரு மாதிரி செய்து காட்டினார். சேகா கேட்டுச் செய்ததும் இல்லை, சம்பளத்துக்குச் செய்ததும் இல்லை. முடியும் என்று காட்டுவதற்காகச் செய்தது. பிறகு அவரே 2017இல் வந்த சோனிக் மேனியாவில் வேலை செய்தார். சக்தி இல்லை என்ற பேச்சை அதோடு விட்டுவிடலாம்.

பாட்டு ஏன் செத்த மாதிரி இருக்கிறது?

அசல் பாட்டுக்கு இசையமைத்தவர் மசாதோ நகமுரா, ஜப்பானில் ட்ரீம்ஸ் கம் ட்ரூ இசைக்குழுக்காரர். மெகா டிரைவில் யமஹாவின் எஃப்எம் என்ற வகை இசைச் சில்லு, ஆறு குரல். அந்த உலோகம் தட்டிய மாதிரியான பேஸ் ஒலி அதில் இருந்துதான் வருகிறது. கேம் பாய் அட்வான்ஸில் அந்தச் சில்லு கிடையாது. ஆகவே ஒலியின் நிறம் மாறினால் மன்னிக்கலாம். தாளம் தொய்ந்து, சுரமே பிசகினால் எதைச் சொல்லி மன்னிப்பது? கிரீன் ஹில் பாட்டை ஒருமுறை கேட்டாலே, நாதஸ்வரக்காரர் பாதியில் வெற்றிலை துப்பப் போய்விட்டாரோ என்று தோன்றும்.

வால்யூமைக் குறைத்துவிட்டு ஆடுங்கள் என்றுதான் சொல்லுவேன்.

நாங்கள் சின்ன வயதில் ஆடியதும் மெதுவாகத்தானே ஓடியது?

நல்ல கேள்வி. இது நிறையப் பேருக்குத் தெரியாது. நம்ம நாட்டிலும் கல்ஃபிலும் பால் (PAL) என்ற முறை டிவி, நொடிக்கு 50 படம். ஜப்பான், அமெரிக்காவில் 60. முதல் சோனிக்கை 50க்கு ஏற்பத் திருத்தவில்லை. அதனால் புனலூரில் நாங்கள் ஆடிய சோனிக், அமெரிக்கப் பையன்கள் ஆடியதைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. பாட்டும் அதே கணக்கில் இழுத்தது. நமக்கு அது தெரியவே தெரியாது, அதுதான் சோனிக் என்று பழகிவிட்டோம்.

ஆனால் அது ஒரே சீராக மெதுவாக ஓடியது. விரல் அதற்குப் பழகிக்கொள்ளும். இந்தக் கேசட் ஓரிடத்தில் ஓடும், ஓரிடத்தில் நொண்டும். அதற்கு எந்த விரலும் பழகாது. மெதுவான சோனிக்கிலேயே வளர்ந்த நமக்கே இது மெதுவாகத் தெரிகிறதென்றால் 60இல் ஆடியவர்கள் எவ்வளவு நொந்திருப்பார்கள்!

விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்?

கிழித்துத் தொங்கவிட்டார்கள். மெட்டாகிரிட்டிக் தளத்தில் சராசரி 100க்கு 33.

ஒரு நல்ல விஷயம் கூடவா இல்லை?

இருக்கிறது. ஆடியதைச் சேமிக்கலாம். மெகா டிரைவில் முதல் சோனிக்கில் சேமிக்கும் வசதி இல்லை, கரண்ட் போனால் முதலில் இருந்துதான். லேபிரிந்த் என்ற தண்ணீர்க் கட்டம் வரை வந்து, மூச்சுக் குமிழியைத் தேடி அல்லாடும்போது கரண்ட் போன வலி பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் ஆண்டுவிழா முறை என்று ஒன்று உண்டு. அதில் நின்ற இடத்திலேயே சுருண்டு சீறிப் பாயும் ஸ்பின் டேஷ் கிடைக்கும். அது 1992இல் இரண்டாவது சோனிக்கில் வந்த வித்தை, முதல் கேமில் கிடையாது. யோசனை நல்ல யோசனை. ஆனால் இந்த வேகத்தில் அதை அடித்தால், பாய்ந்த அடுத்த நொடி எதிலாவது போய் முட்டுவோம், மேலே சொன்ன திரைக் கணக்குதான் காரணம்.

அப்படியென்றால் கையில் வைத்து ஆட நல்ல சோனிக் எது?

முதலில் உங்கள் போன். 2013இல் கிறிஸ்டியன் ஒயிட்ஹெட் என்ற நிரலாளர் முதல் சோனிக்கை ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் புதிதாகக் கட்டிக் கொடுத்தார். மேலே சொன்ன தாம்லியும் அதில் உண்டு. அகலத் திரை, சீரான வேகம், ஸ்பின் டேஷும் இருக்கிறது. தொடுதிரை பட்டன்தான் சங்கடம், புளூடூத் ஜாய்ஸ்டிக் இருந்தால் தீர்ந்தது. அதே 2013இல் நின்டெண்டோ 3டிஎஸ்ஸுக்கு எம்2 என்ற ஜப்பான் குழு செய்ததும் அருமை. நின்டெண்டோ ஸ்விட்ச் மிஷின் வைத்திருப்பவர்களுக்கும் எம்2 செய்த பதிப்பு உண்டு.

கேம் பாய் அட்வான்ஸ்தான் வேண்டும் என்றால் சோனிக் அட்வான்ஸ் வாங்குங்கள். முதலாவதில் இருந்து தொடங்குங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். 1991லேயே சேகா இந்தச் சிக்கலைச் சந்தித்தது. அவர்களுடைய சொந்தக் கையடக்க மிஷின் கேம் கியர், திரை 160க்கு 144தான். அதற்கு மெகா டிரைவ் சோனிக்கைத் திணிக்காமல், ஏன்ஷியன்ட் என்ற நிறுவனத்திடம் கொடுத்து எட்டு பிட்டுக்கு வேறு கட்டங்கள், வேறு பாதை, யூசோ கோஷிரோவின் இசை என்று தனி விளையாட்டாகவே செய்தார்கள். இன்றும் ஆடலாம். அடுத்த வருடமே இரண்டாவது சோனிக்கில் கோட்டைவிட்டார்கள். டிவி மிஷினுக்கான கட்டங்களை அப்படியே வைத்து ஓரத்தை வெட்டினார்கள். முதல் பாஸ் சண்டையில் மேலிருந்து வரும் உருண்டை கண்ணில் படுவதற்குள் மேலே விழுந்துவிடும். ஆக, 2006இல் செய்த அதே தப்பை 1992லேயே ஒருமுறை செய்திருக்கிறார்கள்.

கையடக்கத்துக்குக் கொண்டுவர இரண்டு வழிதான் எனக்குத் தெரிந்து. அசல் இயக்கத்தை ஒரு புள்ளி பிசகாமல் ஓட வைப்பது ஒன்று. சின்னத் திரைக்கென்றே புதிதாகச் செய்வது இன்னொன்று. ஜெனிசிஸ் கேசட்டில் பாதை பழையது, இயக்கம் புதியது.

ரயிலில் ஆடினால் படமே தெரியவில்லை, டிஸ்பிளே போயிருச்சா?

2001இல் வந்த முதல் கேம் பாய் அட்வான்ஸுக்கு விளக்கே கிடையாது. வெளிச்சம் வெளியில் இருந்து விழ வேண்டும். பகவதிபுரம் தாண்டி ஆரியங்காவு குகைக்குள் ரயில் நுழைந்தால் அவ்வளவுதான், பாஸ் பட்டனை அழுத்திக் காத்திருக்க வேண்டும். 2003இல் வந்த மடக்கு மாடல் எஸ்பியில் விளக்கு உண்டு. நின்டெண்டோவின் டிஎஸ், டிஎஸ் லைட் மிஷின்களிலும் இந்தக் கேசட் ஓடும், அடியில் உள்ள பெரிய துளையில் போடுங்கள்.

சேவ் ஆகவில்லை. டூப்ளிகேட்டா?

பெரும்பாலும் ஆமாம். பின்னால் உள்ள திருகைப் பாருங்கள். அசலில் மூன்று இதழ் உள்ள திருகு இருக்கும், சாதாரணக் கூட்டல்குறித் திருகு இருந்தால் சந்தேகம்தான். லேபிளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் அசலில் இரண்டு இலக்க எண் ஒன்று அழுத்திப் பதிந்திருக்கும். எனக்கே ஒரு கடைக்காரர் சத்தியம் பண்ணி விற்ற கேசட்டில் அந்த எண் இல்லை. டூப்ளிகேட் என்பதால் ஸ்லோவாக ஓடுகிறதோ என்று நினைக்காதீர்கள், அசலும் அதே ஸ்லோதான்.

ஆன்லைனில் நல்ல விலை சொல்கிறார்கள். வாங்கலாமா, இருப்பதை விற்கலாமா?

ஆடுவதற்கென்றால் வாங்க வேண்டாம், இனாமாகக் கிடைத்தாலும் யோசியுங்கள். பெட்டி, கையேடு எல்லாம் இருந்து சேகரிப்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால் உங்கள் காசு, உங்கள் விருப்பம். விற்கிறவர்கள் வாங்க வருகிறவரிடம் ஒரு கட்டத்தை ஆடிக் காட்டிவிட்டு விற்றுவிடுங்கள். இல்லையென்றால் அவர் வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு, மிஷின் ரிப்பேர் என்று நேராக என் கடைக்குத்தான் வருவார்.